மூன்று நாள் அறை

சுந்தரவல்லிக்கு மாதவிலக்கு நின்றுபோய் ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது. மாதம் தவறாமல் அவள் தூரமாகிக்கொண்டுதான் இருந்தாள்.

இதைக் கேட்டு யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். முதலில் அந்த வீட்டுச் சமையல்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வரட்டும். தியாகராய நகர் உஸ்மான் ரோட்டில் ஜவுளிக்கடை. பின்னால் சந்துக்குள் வீடு. கடை சுந்தரவல்லியின் புருஷன் சண்முகசுந்தரம் பிள்ளைக்கும் அவர் தம்பி கணேசமூர்த்திக்கும் பொது. திருநெல்வேலிக்காரர்கள் மெட்ராஸில் கடை வைத்தால் ஊரிலிருந்தே ஆள் கொண்டுவருவார்கள். கொண்டுவந்த ஆளுக்கு முதலாளி வீட்டில்தான் சாப்பாடு. அப்படிப் பதினாறு பேர், மத்தியானம் மூன்று பந்தி. மூன்றாம் பந்திக்காரனுக்கு ரசம் சூடாக இல்லை என்றால் அந்தச் செய்தி ராத்திரிக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும்.

இத்தனைக்கும் வடித்துக் கொட்டுவது இரண்டே பேர். மூத்தவள் சுந்தரவல்லி, இளையவள் பேச்சியம்மாள், கணேசமூர்த்தியின் பெண்டாட்டி. சமையலுக்கு ஓர் ஆள் போடலாமே என்று சுந்தரவல்லி ஒருமுறை கேட்டாள்.

"கண்டவ கை பட்ட சோத்த நம்ம பயலுவ திம்பானாட்டி?" என்றார் பிள்ளை.

பயல்கள் பனகல் பார்க் ஓரத்தில் கண்டவன் கை பட்ட பஜ்ஜியைத் தினமும் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். அதையெல்லாம் அவரிடம் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இந்த வேலையிலிருந்து அவர்களுக்கு ஒரே ஒரு லீவுதான். மாதத்தில் மூன்று நாள். மொட்டைமாடியில் ஓர் அறை உண்டு. வெளிப்பக்கமாகப் படிக்கட்டு. ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு பழைய டேபிள் ஃபேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு முருங்கை மரம். தூரமானவள் அங்கே போய்விட வேண்டியது. மற்றவள் தனியாளாக நின்று சமைத்து, மேல்படியில் தட்டை வைத்துவிட்டு இறங்கிவிடுவாள். தூரத்துக்காரி நெற்றியில் திருநீறு இட மாட்டாள், விளக்கு இருக்கும் பக்கம் வர மாட்டாள், எதையும் தொட மாட்டாள். நாலாம் நாள் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படிக்குத் திரும்புவாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த அறையை நினைத்தாலே சுந்தரவல்லிக்கு அவமானமாக இருக்கும். ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்ட மாதிரி படியேறுவாள். நாற்பது வயதுக்கு மேல்தான் அதன் அருமை தெரிந்தது. அங்கே படுத்துக்கொண்டு வாரப் பத்திரிகை படிக்கலாம். பகலில் தூங்கலாம். யாரும் கூப்பிட மாட்டார்கள், கூப்பிட்டாலும் வரக்கூடாது. இப்படி ஒரு சௌகரியத்தை எந்த முதலாளி எந்த வேலைக்காரனுக்குக் கொடுப்பான்? அதனால் தூரம் நின்றபோது அவளுக்கு வந்த வருத்தமெல்லாம் அந்த லீவு போகிறதே என்றுதான். நின்ற மாதம் அவள் ஒரு நாள் யோசித்தாள், இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பேச்சி, நான் மேல போறேன்" என்று படியேறிவிட்டாள். நாலாம் நாள் பழைய துணி ஒன்றை நனைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட்டாள். பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும்.

நின்றது சும்மா நிற்கவில்லை. நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சூடு கிளம்பும். கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறும். முகம் சிவந்து ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அது அடங்கியதும் குளிரும். மழை பெய்து எல்லோரும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும்போது இவள் மட்டும் விசிறியைத் தேடுவாள். தூக்கம் போயிற்று. முழங்கால் வலித்தது. எதற்கென்று தெரியாமல் அழுகை வந்தது, எதற்கென்று தெரிந்தே கோபம் வந்தது. உப்புப் போட்டோமா இல்லையா என்பது மறந்துபோய் ஒருநாள் சாம்பாரில் இரண்டு தடவை போட்டாள். மூன்று பந்தியும் வாய் பேசாமல் மோர் குடித்துவிட்டு எழுந்துபோனது.

விறகடுப்பு ஒரு பக்கம், மரத்தூள் அடுப்பு ஒரு பக்கம். நடுவில் நிற்கும்போது உள்ளே இருக்கும் சூடும் வெளியே இருக்கும் சூடும் சேர்ந்துகொண்டால் மயக்கமே வந்துவிடும். அப்போதெல்லாம் அவள் மனத்துக்குள் சொல்லிக்கொள்வது ஒன்றுதான்: இன்னும் இத்தனை நாள், அப்புறம் மாடி அறை. அந்த அறை இல்லையென்றால் தான் ஒருநாள் கரண்டியை எறிந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்துவிடுவோம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

அறையின்மேல் பிள்ளைக்கும் ஒரு கண் இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் சரக்கு வந்து இறங்கும்போது ஹாலில் நடக்க வழி இருக்காது. ஆண்கள் மூட்டைக்குமேல் உட்கார்ந்துதான் காப்பி குடிக்க வேண்டும்.

"அந்த மாடி ரூம் இருந்தா எவ்வளவு சௌரியம்" என்று பெருமூச்சு விடுவார். "என்ன செய்ய? தூரத்துக்காரி கிடக்குற எடத்துல புதுத்துணிய வைக்க முடியுமா? எல்லாம் ஒரு காலத்துல ஓயும்லா. அப்பப் பாத்துக்கிடலாம்."

முதல் மூட்டைக்குச் சூடம் காட்டாமல் கயிற்றை அவிழ்க்காத மனிதர் அவர். ஓய்ந்துவிட்டது என்று தெரிந்தால் மறுநாளே அறை கோடவுன் ஆகிவிடும். சுந்தரவல்லி வாயைத் திறக்கவில்லை.

ஆனால் உடம்பு விடவில்லை. படபடப்பு அதிகமாகி, இது இருதய நோயோ என்று பயம் வந்துவிட்டது. ஆவணி மாதம் ஒருநாள், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மயிலாப்பூருக்குப் பஸ் ஏறினாள். லஸ்ஸில் டாக்டர் அஃப்சருன்னிசா இருக்கிறார். சுந்தரவல்லி மகளின் தலைப்பிரசவத்தைப் பார்த்தவர். பேச்சியம்மாளின் கடைசிப் பையனும் அவர் கையில்தான் பிறந்தான். டாக்டரம்மா நாடி பார்த்து, குழாய் வைத்துப் பார்த்து, ரத்தம் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் பேச்சியம்மாள் தூரமாகிவிட்டாள். சுந்தரவல்லி தனியாக மூன்று பந்தியும் முடித்து, மாடிப்படியில் தட்டை வைத்து, பாத்திரம் ஒழித்துப்போட்டுவிட்டு, கீழே நின்றபடி குரல் கொடுத்தாள்.

"பேச்சி, நான் கோயிலுக்குப் போயிட்டு வாரேன். வாசலப் பாத்துக்க."

பதில் இல்லை. தூங்குகிறாள் போல, கொடுத்துவைத்தவள் என்று நினைத்துக்கொண்டு சுந்தரவல்லி கிளம்பினாள்.

டாக்டர் வீட்டு வராந்தாவில் நீளமாக ஒரு பெஞ்சு. அதில் நாலைந்து பிள்ளைத்தாய்ச்சிகள். கடைசியில், முந்தானையைத் தலையைச் சுற்றி இழுத்துவிட்டுக்கொண்டு பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

சுந்தரவல்லிக்கு முதலில் வந்தது பயம்தான். ஐயோ, நம்மைப் பார்த்துவிட்டாளே. அடுத்த நொடி, தூரத்தில் இருக்கிறவள் இங்கே எப்படி வந்தாள் என்று தோன்றியது. கிட்டே போய்ப் பார்த்தாள். பேச்சியம்மாளின் நெற்றியில் பளிச்சென்று மூன்று விரல் திருநீறு. மடியில் அர்ச்சனைத் தேங்காய் மூடி. மயிலாப்பூர் வரை வந்தவள் கபாலியைப் பார்க்காமல் போக மனம் வராமல் ஓர் எட்டு கோயிலுக்குள் போய்விட்டு வந்திருக்கிறாள். திருடப் போன வீட்டில் விளக்கேற்றி வைத்த கதை.

"ஏட்டி, இன்னைக்கு ஒனக்குப் படியில தட்டு கொண்டு வச்சவ நானு. நெத்தியில என்னது அது?"

பேச்சியம்மாளின் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. "கோயில்ல... குருக்கள் குடுத்தாரு அக்கா."

"தூரத்தோடயா கோயிலுக்குள்ள போன?"

"சிவ சிவா! அப்படிப் பாவம் செய்வனா?"

"அப்ப தூரமில்ல."

பேச்சியம்மாள் தேங்காய் மூடியைப் பார்த்தாள். அவள் வாயில் எப்போதுமே ஒரு வார்த்தை வர நாலு வார்த்தை வெளியிலிருந்து தள்ள வேண்டும். "பங்குனியோட நின்னுட்டு அக்கா" என்றாள் கடைசியில்.

சுந்தரவல்லிக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் மாதா மாதம் இவளுக்காக ஒற்றையாளாக நின்று வெந்திருக்கிறாள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறித் தட்டு வைத்திருக்கிறாள். "ஏமாத்தினியாட்டி? கூடப் பொறந்தவ மாதிரி நெனச்சேனே! நான் அங்ஙன புகையில கண்ணு எரிஞ்சு சாவுதேன், நீ மேல காத்து வாங்கிட்டுக் கிடந்திருக்க. மனசாட்சி இருக்கா ஒனக்கு? இப்படி ஒரு பொய்ய எப்படித்தான்..."

உள்ளேயிருந்து ஆயா கோவிந்தம்மா ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் குரலைத் தணிக்கத் தெரியாது.

"உஸ்மான் ரோட்டு அம்மா ஆரு? நீதானே? போன வாரம் வந்தியே, ஒரு வருசத்துக்கு மேல நின்னு பூட்ச்சுன்னு. உன் ரத்தம் பாத்த சீட்டு வந்துகீது. அத்த எடுத்துக்கினு உள்ள போ."

பேச்சியம்மாள் மெல்லத் தலையைத் தூக்கினாள்.

"ஒரு வருசத்துக்கு மேலயா, அக்கா?"

சுந்தரவல்லிக்குப் பிறந்ததிலிருந்து வாய்க்குப் பஞ்சம் வந்ததில்லை. அன்று வந்தது. பேச்சியம்மாள் யோசித்தாள், விரல் மடக்கிக்கூடப் பார்த்தாள். "அப்ப போன தீபாவளிக்கு முந்தி, நான் காச்சலோட பதினாறு பேருக்கும் தனியா முறுக்கு சுத்துனனே, அது?"

"அதுவும்தான்" என்றாள் சுந்தரவல்லி.

பேச்சியம்மாளின் உதடு துடித்தது. அழப் போகிறாள் என்று நினைத்து சுந்தரவல்லி அவள் தோளைத் தொட்டாள். பேச்சியம்மாள் சிரித்தாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தாள். சுந்தரவல்லிக்கும் தாங்கவில்லை. பக்கத்திலிருந்த பிள்ளைத்தாய்ச்சி, இதுகளுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"ஆசுபத்திரிக்கி வந்து இன்னா சிரிப்பு? ரெண்டு பேரும் ஒரே வூடா? அப்ப ரெண்டு பேரும் ஒண்ணாவே போங்க" என்று கோவிந்தம்மா உள்ளே தள்ளிவிட்டாள்.

டாக்டர் அஃப்சருன்னிசாவுக்கும் ஏறக்குறைய இவர்கள் வயதுதான் இருக்கும். சீட்டைப் பார்த்துவிட்டு, இருதயம் நன்றாக இருக்கிறது, ரத்தம்தான் கொஞ்சம் கம்மி என்றார். பேச்சியம்மாளையும் பார்த்தார். அப்புறம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"இது நோய் இல்லை. வயித்துக்குள்ள மாசாமாசம் ஒரு கருமுட்டை முதிரும். அந்த வேலை முடிஞ்சுபோச்சு. அதுக்காக உடம்புல ஊறிக்கிட்டிருந்த ஒரு சத்து குறையுது. இத்தனை வருஷமா அதோடயே பழகின உடம்பு, அது இல்லாம தடுமாறுது. சூடு வர்றது, வேர்க்கிறது, தூக்கம் போறது, படபடப்பு, கோபம், எல்லாம் அந்தத் தடுமாற்றம்தான். சில பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல அடங்கும். சில பேருக்கு இன்னும் ஜாஸ்தியாவும் ஆகும். உங்க புத்தி ஒண்ணும் கெட்டுப்போகலை."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் சுந்தரவல்லி நிமிர்ந்து உட்கார்ந்தாள். சாம்பாரில் இரண்டாவது தடவை உப்புப் போட்ட நாளிலிருந்து அவள் அதை நினைத்துத்தான் பயந்துகொண்டிருந்தாள். கேட்க வாய் வரவில்லை. கேட்காமலே பதில் வந்துவிட்டது.

"மருந்து உண்டா டாக்டரம்மா?" என்றாள் பேச்சியம்மாள்.

"இருக்கு. ஆனா உங்களுக்கு இப்ப வேண்டாம். ஒரு நாளைக்கு எத்தனை காப்பி?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினாறு பேருக்குக் காப்பி போட்டு அடியில் மிஞ்சுவதைக் குடிப்பதையெல்லாம் யார் கணக்கு வைக்கிறார்கள்?

"ரெண்டுக்கு மேல குடிக்காதீங்க. சாயங்காலத்துக்கு மேல தொடவே கூடாது. காரத்தைக் குறைங்க. ராத்திரி சீக்கிரமா, கொஞ்சமா சாப்பிடுங்க. இந்த நைலக்ஸ் ஜாக்கெட்டை விட்டுட்டு நூல் ஜாக்கெட் போடுங்க. சூடு கிளம்புதுன்னு தெரிஞ்சா உக்காந்து மெதுவா மூச்சை இழுத்து மெதுவா விடுங்க. கேப்பை, கீரை, எள்ளு, மோர் எல்லாம் தினமும் வேணும், எலும்புக்கு. உளுந்து ரொம்ப நல்லது."

"உளுந்தங்களியா?" என்றாள் சுந்தரவல்லி. "அது வயசுக்கு வந்த பிள்ளைக்குல்லா கிண்டிக் குடுப்போம்?"

"அந்த எலும்புதானே இன்னும் நிக்குது? சாப்பிடுங்க. சாயங்காலம் அரை மணி நடங்க. வீட்டுக்குள்ள நடக்கிறது நடை இல்லை." டாக்டர் பேனாவை மூடினார். "இன்னொண்ணு கவனமா கேளுங்க. முழுசா ஒரு வருஷம் வராம இருந்தாத்தான் நின்னுபோச்சுன்னு அர்த்தம். நடுவுல ஒருதரம் வந்துட்டா, அன்னையிலேருந்து மறுபடி ஒரு வருஷம் எண்ணணும். இவங்களுக்கு இன்னும் வரலாம், போகலாம். உங்களுக்கு வருஷம் தாண்டிருச்சு. இனிமே ஒரு பொட்டுப் பட்டாலும் வெக்கப்படாம ஓடி வரணும். அது வேற விஷயமா இருக்கலாம்."

"சரி டாக்டரம்மா."

"முக்கியமா, மத்தியான நேரத்துல அடுப்பு முன்னாடி நிக்கிறதைக் குறைங்க. பகல்ல ஒரு மணி நேரமாவது படுங்க."

"அத ஒரு சீட்டுல எழுதித் தாங்களேன்" என்றாள் சுந்தரவல்லி.

டாக்டர் சிரித்தார். "எழுதித் தர்றேன். எந்த மருந்துக்கடையில வாங்குவீங்க?"

திரும்பும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. தேனாம்பேட்டை தாண்டியதும் பேச்சியம்மாள்தான் ஆரம்பித்தாள். "இப்படியே இருந்துருவோமே அக்கா. ஒரு மாசம் நீங்க, ஒரு மாசம் நான். இனிமே ரெண்டு பேருக்கும் தெரியும்லா, கஷ்டம் இல்ல."

சுந்தரவல்லி ஒத்துக்கொள்ளவில்லை. பொய்யை முதலில் ஆரம்பித்தவள் அவள்தான். ஆனால் நோயில்லை, புத்தி கெடவில்லை என்று ஒரு படித்தவள் வாயால் கேட்டபிறகு, திருடி மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு படியேற அவளுக்கு இனி மனமில்லை. "எதுக்குட்டி ஒளியணும்? டாக்டரம்மா சொன்னத அப்படியே சொல்லுவோம். முப்பது வருசமா வடிச்சுப் போட்டிருக்கோம். பகல்ல ஒரு மணி நேரம் கண்ண மூடுனா கடை முங்கிருமா? அவ்வோ ஒண்ணும் கல்லு இல்ல. வெவரமாச் சொன்னாக் கேப்பாவ."

"வேண்டாம்க்கா" என்றாள் பேச்சியம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. சாப்பாடு முடிந்து அண்ணனும் தம்பியும் ஹாலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுந்தரவல்லி தூணோரம் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பொய்யாக மாடியேறியதை மட்டும் விழுங்கிவிட்டாள்; யார் எந்த மாதம் மேலே போனாள் என்று ஆண்கள் கணக்கு வைப்பதில்லை. முதல் வாக்கியத்திலேயே கணேசமூர்த்தி, "மதினி, எனக்கு பேங்குல ஒரு வேலை" என்று எழுந்துபோய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை எந்த பேங்கு திறந்திருக்கும் என்று யாரும் அவனைக் கேட்கவில்லை. பிள்ளை உட்கார்ந்திருந்தார். நின்ற விஷயம், சூடு, தூக்கம், டாக்டர் சொன்ன கேப்பை, எள்ளு, நடை, ஓய்வு, சமையலுக்கு ஓர் ஆள் என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பார்த்தாயா, நான் சொன்னேனே என்று சுந்தரவல்லி அடுப்படி வாசலில் நின்ற பேச்சியம்மாளைப் பார்த்தாள்.

பிள்ளை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"கேப்பைக்கு என்ன, ஒரு மூட்டை போட்டாப் போச்சு. ஆளு விஷயம் தீபாவளி கழியட்டும், பாப்போம்." அப்புறம் அவர் முகம் மலர்ந்தது. "அப்ப ரெண்டு பேருக்கும் ஓய்ஞ்சுட்டுன்னு சொல்லுத. இனிமே மாடி ரூமு எப்பவும் சுத்தம்தான? நல்ல நேரத்துலதான் சொல்லியிருக்க. புதன்கெழம சேலத்துச் சரக்கு வருது."

புதன்கிழமை சரக்கு வந்தது. கடைப்பையன்கள் வெளிப்படியில் ஏறி இறங்கினார்கள். சாயங்காலம் சுந்தரவல்லி போய்ப் பார்த்தபோது அறையில் தரையிலிருந்து ஜன்னல்வரை சேலை மூட்டை. பாயைச் சுருட்டி மொட்டைமாடியில் வெயிலில் போட்டிருந்தார்கள். ஃபேனைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

சுந்தரவல்லி பாயை எடுத்துக்கொண்டு கீழே வந்தாள். அடுப்படியில் மரத்தூள் அடுப்புப் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதாள். காரணம் தெரியாத அழுகை இல்லை இது. "சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். "நீ சொன்ன, நான் கேக்கல. இனிமே சாகுற வரைக்கும் இந்த அடுப்புதான். ஒருநாள் இதுக்குள்ளயே விழுந்து கிடப்பேன், ரசம் ஆறிட்டேன்னு வந்து பாப்பாவ."

பேச்சியம்மாள் அவள் கையிலிருந்த பாயை வாங்கிக்கொண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. வழக்கமாகவே ஒன்றும் சொல்லாதவள் என்பதால் சுந்தரவல்லி அதைக் கவனிக்கவும் இல்லை.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துப் பிள்ளை குளித்து, பட்டையாகத் திருநீறு இட்டு, தட்டில் சூடத்தை ஏற்றிக்கொண்டு, முதல் மூட்டையைப் பிரிப்பதற்காக மாடிப்படி ஏறினார். சுந்தரவல்லி தேங்காயோடு பின்னால் போனாள். மனமில்லாமல்தான் போனாள்.

அறைக் கதவு திறந்திருந்தது. மூட்டைகளுக்கு மேல் பாய் விரித்திருந்தது. பாய்மேல் பேச்சியம்மாள் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தத் தட்டு, அந்த டம்ளர்.

"அத்தான், கிட்ட வராதீங்க" என்றாள் பேச்சியம்மாள்.

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் பிள்ளையிடம் நேராகப் பேசியதில்லை. எது சொல்வதானாலும் அக்கா வழியாகத்தான். பிள்ளை நிலைப்படியில் அப்படியே நின்றார்.

"என்னட்டி இது? நின்னுட்டுன்னு சொன்ன?" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

பேச்சியம்மாள்தான் பதில் சொன்னாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தாமல் சொன்னாள். "எனக்குப் பங்குனியிலதான் நின்னுச்சு. ஒரு வருசம் ஆகுற வரைக்கும் வரும், போகும்னு டாக்டரம்மா சொன்னாவ. விடியக்காலம் வந்துட்டு. எப்பவும் போல இங்க வந்துட்டேன். வேற எங்க போவேன்?"

"சேலை மேலயா!"

"தரையில எடம் இல்லியே அத்தான்."

சூடம் எரிந்துகொண்டிருந்தது. பிள்ளை மூட்டைகளைப் பார்த்தார். கல்யாணக் கூறை, தீபாவளிப் புடவை, அத்தனையும் அவளுக்கு அடியில். அவர் முகத்தைப் பார்க்க சுந்தரவல்லிக்கே ஒரு கணம் பாவமாகத்தான் இருந்தது. ஒரே ஒரு கணம்.

"சரக்கெல்லாம் கீழ எறக்கச் சொல்லுதேன்" என்றார் கடைசியில். "மஞ்சத்தண்ணி தெளிச்சு எடுத்துக்கிடலாம். யார்ட்டயும் மூச்சு விடாதீங்க. கடை பேரு கெட்டுரும்." நாலு படி இறங்கியவர் நின்று திரும்பினார். "பங்குனிக்கு அப்புறமாவது இது முடிஞ்சிரும்லா?"

சுந்தரவல்லிக்கு இப்போது வாய் திரும்பி வந்துவிட்டது. "எப்படி முடியும்? நடுவுல வந்துட்டா அன்னையிலேருந்து புதுசா ஒரு வருசம் எண்ணணும். அடுத்த மாசம் வந்தா அங்கேருந்து ஒரு வருசம். டாக்டரம்மா தெளிவாச் சொல்லிருக்காவ. சந்தேகம்னா நீங்களே போய்க் கேட்டுட்டு வாங்க."

லஸ்ஸுக்குப் போய், பிள்ளைத்தாய்ச்சிகள் நடுவில் உட்கார்ந்து, கோவிந்தம்மா உரக்கக் கூப்பிட, ஒரு லேடி டாக்டரிடம் அதைக் கேட்கக்கூடிய ஆண்பிள்ளை அந்தப் பரம்பரையில் இன்னும் பிறக்கவில்லை. பிள்ளை இறங்கிப் போனார். மத்தியானத்துக்குள் மூட்டைகள் ஹாலுக்குப் போய்விட்டன. தனியாக ஒருத்தி எப்படிச் சமைப்பாள், அதுவும் டாக்டர் அடுப்புப் பக்கம் நிற்கக் கூடாது என்று சொன்னபிறகு என்று சுந்தரவல்லி கேட்டதற்கு, கடைப்பையன்களோடு எல்லோருக்கும் மூன்று நாளும் ஓட்டல் சாப்பாடு என்று உத்தரவாயிற்று. பயல்கள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

அன்று அடுப்பில் ஒரே ஒரு சட்டிதான் ஏறியது. சுந்தரவல்லி உளுந்தையும் அரிசியையும் வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு விட்டு, நல்லெண்ணெய் ஊற்றிக் களி கிண்டினாள். இரண்டு தட்டில் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். படியில் வைக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பேச்சியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நிசமாவே வந்துட்டாட்டி?"

பேச்சியம்மாள் இல்லை என்று தலையாட்டினாள். அவள் நெற்றி வெறுமையாக இருந்தது. ஒரு துளி திருநீறு இல்லை.

"இந்தத் தடவை மறக்கல போல" என்றாள் சுந்தரவல்லி.

"தொடைக்கும்போது மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சுக்கா. சாமி காரியத்துல பொய் சொல்லிட்டோமேன்னு."

சுந்தரவல்லி களியில் நடுவே குழி பண்ணி அவளுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டாள். "சிவன் கோவிச்சுக்கிட மாட்டாருட்டி. அவருக்கும் பாதி ஒடம்பு பொம்பளைதான். ஆறுறதுக்குள்ள சாப்புடு."